தேடினால் முதலில் வருவது

இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில் நான் வேலை செய்யும் கணினி நிலையத்துக்குக் காலபோக விதைப்பு முடிந்த கையோடு வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான். "பிள்ளை, நெல்லுக்கு யூரியா எப்ப போடவேணும் எண்டு ஒருக்காப் பாருங்கோ." தேடினால் மேலே வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தளங்களும் காணொளிகளும். அவை தஞ்சாவூர் வயலுக்குச் சரியானவை. ஆனால் ஆடுதுறை இரகத்துக்கு ஹெக்டேயர் கணக்கில் எழுதியதைப் பார்த்து எங்கள் வயலுக்கு உரம் போட முடியாது. பிஜி 300 மூன்று மாத நெல், பிஜி 352 மூன்றரை மாத நெல். வயது மாறினால் உரம் போடும் நாளும் மாறும். இதை ஆராய்ந்து சொல்ல பத்தலேகொடவில் நெல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. பிறகு ஏன் அதன் அறிவுரை கீழே கிடக்கிறது?

தேடலில் எது மேலே வரவேண்டும் என்று வரிசைப்படுத்த, கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 1998 இல் வெளியிட்ட பேஜ்ராங்க் முறை, ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் கொடுக்கும் இணைப்பை வாக்காக எண்ணியது. இன்று வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. ஆட்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்று கவனிக்கும் நாவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றி, கூகுள் மீதான அமெரிக்க வழக்கில் 2023 இல் சாட்சியமே சொல்லப்பட்டது. எழுதியவர் வயலில் இறங்கியவரா என்று இயந்திரம் நேரே அறியாது, மற்றவர்களின் நடத்தையை வைத்து ஊகிக்கிறது. நிறையப் பேர் எழுதும் விடயத்தில் அந்த ஊகம் நன்றாகவே வேலை செய்யும். வன்னி நெல்லைப் பற்றி எழுதுகிறவர்களும் சிலர், அதற்கு இணைப்புக் கொடுக்கிறவர்கள் அதிலும் சிலர்.

எனக்கு இதைவிட வேதனை தருவது பாமினி எழுத்துரு. எங்கள் பக்கத்துத் துண்டுப்பிரசுரங்கள் பல அதில்தான் அடிக்கப்பட்டன. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'விவசாயம்' என்று அடித்தால் கணினி சேமிப்பது டி, பி, டி, ஆர், எச், ஏ, கே, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அதை அப்படியே பிடிஎப் ஆக்கி இணையத்தில் ஏற்றினால், எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் யூனிகோடில் தேடுகிறவருக்கு எப்படி அகப்படும்? வயல் வயலாய்த் திரிந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் அறிவு, வாக்கு எண்ணும் இடத்துக்கே போய்ச் சேருவதில்லை.

ஆகவே துண்டுப்பிரசுரம் அடிக்க வருகிறவர்களுக்கு யூனிகோடில்தான் அடித்துக் கொடுக்கிறேன். தலைப்பில் நெல்லினம், போகம், மாவட்டம் மூன்றையும் போடச் சொல்வேன். "அச்சுக்குத்தானே தங்கச்சி, பாமினியிலேயே அடியுங்கோ" என்றார் ஒருவர். "அச்சோட நிக்கக்கூடாது ஐயா" என்று சொல்லி விளக்கினேன். சரி என்றார். தேடிக் கேட்க வருகிறவர்களோடு, எந்த நாடு, எந்த நெல்லினம் என்று முதலில் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கொடுப்பேன்.

இப்போது பழைய பாமினிக் கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றும் மென்பொருள் ஆங்கிலத்தில் அடித்த 'பிஜி'யையும் தமிழ் என்று எண்ணி வேறு ஏதோ எழுத்தாக்கிவிடும். இனத்தின் பெயர் போனால் அந்த உர அட்டவணையால் பயனில்லை. அதனால் ஒவ்வொரு வரியையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்ட பிறகுதான் கொடுக்கிறேன்.