வின்னிபெக் குளிரில் திருப்பூர் பனியன்

திருப்பூரில் 9 வருஷம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். துணியை விரலில் நிமிண்டிப் பார்த்தே எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) என்று சொல்லிவிடுவேன். உடம்புக்குக் காட்டன்தான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கனடாவுக்குக் கிளம்பியபோது பெட்டியில் ஒரு டஜன் பனியன் இருந்தது. குளிரடித்தால் ரெண்டு மூணாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு.

வின்னிபெக்கில் கிடைத்த முதல் வேலை ஒரு மரக்கிடங்கில், திறந்த வெளியில் பலகை ஏற்றுவது. ஜனவரி மாதம், காலையில் மைனஸ் 27 டிகிரி செல்சியஸ். மூன்று பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் தடிமனான ஜாக்கெட். முதல் ஒரு மணி நேரம் குளிரே தெரியவில்லை. பலகை தூக்கித் தூக்கி உடம்பு நன்றாகச் சூடேறி, முதுகெல்லாம் வேர்த்தது. இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் அடுத்த லாரி வரக் கொஞ்சம் தாமதமானது. கால் மணி நேரம் சும்மா நின்றிருப்பேன். முதுகில் ஈரத் தகரத்தை ஒட்டவைத்தது போல இருந்தது. பல் கிட்டியது. பலகையைக் கட்டும் பட்டையின் கொக்கியை மாட்டப் போனால் விரல் சொன்னபடி கேட்கவில்லை. இந்த ஊரில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறைய. எங்கள் கிடங்கின் மூத்த ஆளும் அவர்களில் ஒருவர். அவர் என் முகத்தைப் பார்த்தார், தோளைப் பிடித்து ஹீட்டர் அறைக்குள் கூட்டிப்போனார், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த பனியனை வாங்கிக் கையில் முறுக்கினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

அந்தச் சொட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காட்டன் வேர்வையைக் குடிக்கும், மெதுவாக உலரும், உலரும்போது உடம்பைக் குளிர வைக்கும். இதைச் சொல்லித்தானே நாங்கள் பனியனே விற்றோம்! சித்திரை வெயிலில் உயிரைக் காப்பாற்றும் குணம், இங்கே உயிருக்கே உலை வைக்கும். உடம்பின் உள் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. பேச்சு குழறும், கையில் இருப்பது நழுவும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று சோர்ந்து போனால், நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

இப்போது என் தோலை ஒட்டி இருப்பது மெரினோ ஆட்டுக் கம்பளியில் நெய்த தெர்மல், அதாவது குளிருக்கான உள்ளாடை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். விலை கட்டுப்படியாகாவிட்டால் பாலியஸ்டர் தெர்மலும் சரிதான், வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளாது. அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற பஞ்சு போன்ற மெத்தென்ற மேல்சட்டை, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். இதைவிட முக்கியம், பலகை தூக்கப் போகுமுன் ஃப்ளீஸைக் கழற்றிவிட்டு, நிற்கும்போது போட்டுக்கொள்வது. லேசாகக் குளிர்கிற உடம்போடுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். இது பழக எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

காலிலும் அதே தப்புதான் செய்தேன். இறுக்கமான பூட்ஸுக்குள் ரெண்டு காலுறையைத் திணித்தேன். ரத்தம் ஓட இடமில்லாமல் விரல் இன்னும் சீக்கிரம் மரத்தது. இப்போது ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், ஒரே ஒரு கம்பளிக் காலுறை. பூட்ஸுக்குள் தனியாக இருக்கும் கம்பளி உறையை ராத்திரி உருவி உலர்த்திவிடுவேன். கைக்கு விரல் பிரித்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. அதற்குள் ஒரு மெல்லிய கையுறை இருந்தால், கொக்கி மாட்ட மிட்டனைக் கழற்றினாலும் வெறும் விரல் இரும்பில் படாது. அம்மா அனுப்பிய மப்ளரை வீட்டோடு வைத்துக்கொண்டேன். அதன் நுனி மெஷினில் சிக்கினால் கழுத்தோடு போய்விடும். வேலைக்குக் குழாய் மாதிரியான கழுத்துறைதான்.

இங்கே எல்லாம் சமவெளி, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. மைனஸ் 20-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 33 போல. 10 முதல் 30 நிமிஷத்துக்குள் மூடாத தோல் உறைந்துவிடலாம். நம் ஆட்களுக்கு இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உறையும் தோல் சிவக்கும் என்று இருந்துவிடாதீர்கள். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்தது போல மங்கித்தான் தெரியும். என் காது மடல் அப்படி ஆனபோது நான் தேய்க்கப் போனேன். அந்த மூத்தவர் கையைத் தட்டிவிட்டு, தன் வெதுவெதுப்பான உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். தேய்த்தால் தோல் இன்னும் கெடுமாம்.

"காதை மூடிக்கிட்டியா கண்ணு?" என்று அம்மா இன்றைக்கும் போனில் கேட்கிறாள். அவள் கேட்பது சரிதான், ஆனால் நம் காது நம் கண்ணுக்குத் தெரியாதே. அதனால் கிடங்கில் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வோம். இந்த வருஷம் அவிநாசிப் பக்கத்துத் தம்பி ஒருவன் சேர்ந்திருக்கிறான். போன வாரம் அவன் மூக்கு நுனியில் ஒரு மிளகளவுக்கு வெளுத்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன்.

"வலிக்கவே இல்லீங்களே அண்ணா" என்றான்.

"அதனாலதான் கூப்பிடறேன், வா."