வளைந்த புடலங்காய்

புடலம்பிஞ்சின் நுனியில் நூலால் சிறு கல்லைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“கல் எதற்கு மக்களே?” காய்க்கூடை வாங்க வந்த அக்கா கேட்டார்.

காய் சுருளாமல் நேராக நீளத்தான்.

“வளைந்ததையே எனக்குத் தா. அவியலுக்கு நறுக்கத்தானே போகிறேன்!”

பருவம் முழுவதற்குமான காய்க்கூடைக்குத் தையிலேயே பணம் தந்துவிட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. விதையும் எருவும் அந்தப் பணத்தில்தான் வாங்கினோம்.

மாசியோடு பேச்சிப்பாறை அணைக் கால்வாயில் தண்ணீர் நின்றுவிடும். பங்குனி வெயிலில் வழுதலையும் (கத்தரி) பயறும் கிணற்றை நம்பித்தான் நிற்கின்றன. விளைச்சல் குறைந்தால் கூடையும் குறையும் என்று தெரிந்தேதான் இந்தக் குடும்பங்கள் சேர்ந்தன. சந்தையில் வளைந்த காயை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கொன்றை பூத்துவிட்டது. சித்திரை விஷுவுக்கு இவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் விடியலில் கண்விழித்துக் காணும் கனித் தட்டில் எங்கள் வெள்ளரி இருக்க வேண்டும். காய்கள் மஞ்சளாகி வருகின்றன. கோடை மழை மட்டும் முந்திக்கொள்ளாமல் இருக்கட்டும்.