12 அடி டிஷ்ஷும் ஒரு விரல் நிழலும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏற்கெனவே ஒரு 8 அடி டிஷ் இருந்தது. 105.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருந்த ஆசியாசாட் 7 செயற்கைக்கோளுக்குத் திருப்பி வைத்திருந்தேன். பலமான சேனல்கள் பழுதில்லாமல் வரும். பலவீனமான நாலைந்து மட்டும் வந்தால் வரும், வராவிட்டால் வராது. வந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையும். பொழுதுபோக்காக டிஷ் திருப்புகிறவனுக்கு அந்த நாலைந்துதான் கண்ணை உறுத்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. 90-களின் தொடக்கத்தில் அப்பா மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கேபிள் நடத்தினார். அப்போது 105.5-ல் இருந்தது ஆசியாசாட் 1. 1984-ல் வெஸ்டார் 6 என்ற பெயரில் ஏவப்பட்டு, தவறான பாதையில் மாட்டிக்கொண்டு, டிஸ்கவரி விண்கலத்தில் போனவர்கள் கையால் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்த செயற்கைக்கோள் அது. செப்பனிட்டு 1990-ல் மறுபடி அனுப்பினார்கள். ஸ்டார் டிவி அதில்தான் வந்தது. அப்பாவுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. அந்தத் திசை மட்டும் தெரியும்.

சரி, 2018 கடைசியில் 12 அடியில் ஒன்று நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். 8 அடிக்கு இது பரப்பில் இரண்டேகால் மடங்கு; சிக்னலில் மூன்றரை டெசிபல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அலகு) கூடும்.

வளைவுக்குக் கணக்கு சுலபம். விட்டம் 3.6 மீட்டர், குவியத் தூரம், அதாவது நடுவிலிருந்து சிக்னல் குவியும் இடம் வரை, 1.44 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தை 5.76-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று வந்துவிடும். 60 சென்டிமீட்டரில் 6.25 சென்டிமீட்டர், 1.2 மீட்டரில் 25, விளிம்பில் 56.25. மாடித் தரையில் சாக்பீஸால் அந்தக் கோட்டைப் போட்டு, வெல்டிங் பட்டறை அண்ணனை வரவழைத்து, அதன்மேல் வைத்து வைத்து 16 சதுரப் பைப்புகளை வளைத்தோம். நடுவில் 30 சென்டிமீட்டர் வட்டத் தகடு, அதிலிருந்து குடைக்கம்பி மாதிரி 16 விலா, வெளியே ஒரு வளையம்.

எல்லாம் பற்றவைத்த பிறகு, எதிரெதிர் விளிம்புகளுக்கு நூல் கட்டிப் பார்த்தேன். டிஷ் நெளியாமல் இருந்தால் நூல்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போக வேண்டும். எனக்கு இரண்டு நூலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. வெல்டிங் சூட்டில் வளையம் பொரித்த அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மூன்று இடத்தில் அறுத்து, கல்லை ஏற்றி அழுத்திவைத்து, மறுபடி பற்றவைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

அடுத்த தவறு முழுக்க என் மூளையில் உதித்தது. 1975-ல் சைட் என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனைத் திட்டத்தில் இஸ்ரோ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டியபோது, 3 மீட்டர் டிஷ்களைக் கோழி வலையில்தான் செய்தார்கள் என்று படித்திருந்தேன். அவர்களுக்கே போதுமாக இருந்தது நமக்குப் போதாதா என்று ஓர் அங்குலக் கண் வைத்த கோழி வலையை வாங்கிக் கட்டிவிட்டேன். பட்டறை அண்ணன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “தம்பி, கோழி எப்ப வருது?” என்றார்.

கோழிதான் வரவில்லை, சிக்னலும் வரவில்லை. பழைய 8 அடியைவிட மோசம். இரண்டு நாள், குவியும் இடத்தில் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் உறைத்தது. சைட் திட்டத்தின் அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 35 சென்டிமீட்டர். நான் பிடிக்கும் சி பேண்ட் அலைவரிசையில் அது ஏழரை சென்டிமீட்டர். வலைக் கண் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. என் வலையில் மூன்றில் ஒரு பங்கு. வானத்துச் சிக்னல் வலை வழியாகக் கீழே ஒழுகியது போதாதென்று, வெயிலில் காய்ந்த தரையின் இரைச்சல் அதே ஓட்டை வழியாக மேலே ஏறி எல்.என்.பி.க்குள் போயிருக்கிறது. கோழி வலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு (அங்கே உண்மையாகவே கோழி இருந்தது), 5 மில்லிமீட்டர் கண் உள்ள அலுமினிய வலை வாங்கிக் கட்டினேன். மேலே மங்கலான சாம்பல் பெயின்ட். பளபளப்பாக விட்டால் 100 சதுர அடி வெயிலும் ஒரே இடத்தில் குவிந்து எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிடும்.

திருப்புவது பிப்ரவரியில் நடந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து 105.5-க்குத் திசைக்கோணம் (வடக்கிலிருந்து கிழக்காக அளப்பது) 108 டிகிரி சொச்சம், ஏற்றக்கோணம் (தரையிலிருந்து மேலே) 56. போன் காம்பஸை நம்பாதீர்கள். நாலு அங்குல இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் அது ஆளுக்கொரு திசை சொல்லும். நான் சூரியனை வைத்துத் திசை பிடித்தேன். பிப்ரவரி நடுவில் காலை எட்டு மணி தாண்டியதும் சூரியன் சரியாக அந்த 108 டிகிரியில் வரும். அந்த நேரத்துக்குத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நிழல்மேல் சாக்பீஸ் கோடு. எல்.என்.பி.யையும் கிட்டத்தட்ட 70 டிகிரி திருகி வைக்க வேண்டும். நமக்கு அது கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் அவ்வளவு சாய்வு. 12 அடி டிஷ் பார்க்கும் கற்றையின் அகலம் ஒன்றரை டிகிரிதான் என்பதால் மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டியிருந்தது. மாலைக்குள் ரிசீவரில் குவாலிட்டி 58 காட்டியது. பழையதில் 47. வராத சேனல்களில் இரண்டு வந்துவிட்டன. போல்ட்டை இறுக்கிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அப்பா மட்டும் திருப்தியாகவில்லை. “மார்ச் வரட்டும்” என்றார்.

மார்ச் நடுவில் காலை பத்து மணி தாண்டியதும் ஐந்தாறு நிமிடம் படம் போய்விடும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால், அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். அப்பா கேபிள் நடத்திய காலத்தில் இதற்காகவே தெருவில் ஆட்கள் சண்டைக்கு வருவார்களாம். அந்த நிமிடத்தில் எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் நட்ட நடுவில் விழ வேண்டும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மார்ச் 16, பத்தேகால். இரண்டு பேரும் மாடியில். எல்.என்.பி.யைச் சுற்றியுள்ள வளையத்தின் வட்ட நிழல் மெதுவாக ஊர்ந்து நடுத் தகட்டில் ஏறியது. கீழே அம்மா, “படம் போச்சு!” என்று குரல் கொடுத்தார். அப்பா குனிந்து விரலை வைத்து அளந்தார். நிழலுக்கு மேலே தகட்டில் நாலு விரல் இடைவெளி, கீழே இரண்டு.

“கீழ பாத்துட்டு நிக்குதுடா.”

மையத்திலிருந்து ஒரு விரல் கீழே. 1.44 மீட்டர் தூரத்துக்கு அது முக்கால் டிகிரி, அதாவது கற்றையின் பாதி. டிஷ் பிடிக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதி வீண். போல்ட்டை இறுக்கும்போது டிஷ் தன் கனத்துக்கு இறங்கியிருக்கிறது. பழையதைவிடக் கூடுதலாகக் காட்டியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சூரியன் நகர்ந்து படம் திரும்பியதும் பின்னாலிருந்த திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றினேன். 61, 66, 70. 71-ல் நின்றது. அதற்கு மேல் ஏற்றினால் இறங்கியது. இந்த முறை ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் இறுக்கினோம். மீதி சேனல்களும் வந்தன. அவற்றில் ஒன்று நாள் முழுக்க வண்ணப்பட்டை மட்டும் காட்டுகிறது. அதையும் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன்.

மறுபடி சரிபார்க்க, சூரியன் திரும்ப அதே இடத்துக்கு வரும் செப்டம்பர் 27-க்குக் காத்திருந்தோம். அன்றைக்கு வானம் மூட்டம், நிழலே இல்லை. ஆனால் பத்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போலப் படம் போனது. மேகம் வெளிச்சத்தைத்தான் தடுத்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “வந்துட்டான்” என்றார்.