ஆச்சிகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

களக்காடு பக்கம் கிராம சுகாதார செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்குமே பொழுது சரியாக இருக்கும். எத்தனை மாசம், ரத்தம் எவ்வளவு, தடுப்பூசி போட்டாச்சா, ரெண்டு பிள்ளைக்கு அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறீங்களா? இதே பேச்சுதான். சில வீடுகளில் மாமியார் வாசலை மறித்து நின்று, "ஒரு ஆம்பளப் பிள்ள பொறக்கட்டும், அதுக்கப்புறம் வாங்க" என்பார்.

அந்த வேலை பலித்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்தது நிரப்ப 2.1 வேண்டும். பிரசவம் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். பெண்பிள்ளைகள் படித்தார்கள், 1987-ல் முத்துலெட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு நிதியுதவி வந்தது, ராத்திரியும் நர்ஸ் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன, 2008-ல் 108 வந்தது. இதில் எனக்கு ரொம்பப் பெருமை உண்டு.

இப்போது அதே தெருக்களில் போனால் தொட்டில் கட்டின வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிறார்கள். வீட்டில் ஆச்சி மட்டும், சுகரோடும் பிரஷரோடும்.

போன மாசம் ஓர் ஆச்சி மாத்திரையை அருவாமனையில் வைத்து ரெண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். பிரஷர் பார்த்தேன், 180-க்கு மேல். "ஏன் ஆச்சி இப்படி?" என்றேன். "முழுசா போட்டா வெரசா தீந்துரும்லா நர்சம்மா. தீந்தா எனக்கு யாரு போய் வாங்கிட்டு வருவா?" பக்கத்திலேயே கருவாடும் பழைய சோறும். 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். ஆனால் இந்த ஆச்சி அந்தப் பட்டியலில் இல்லை. மகளைப் பார்க்கப் போயிருந்த சமயம் ஆள் வந்து பார்த்துவிட்டு, வீடு பூட்டு என்று எழுதிப் போயிருக்கிறார்கள்.

பாதி மாத்திரையில் பிரஷர் அடங்காது. ஒருநாள் கை கால் இழுத்துக்கொண்டால் அதன்பிறகு புரட்டிப் போட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் படுக்கைப்புண். பெரும்பாலும் பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவது பக்கத்து வீட்டுப் பொம்பளைதான். அவளுக்கும் முதுகுவலி.

என்னைப் போன்ற கிராம செவிலியர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்தை 5000 பேருக்கு ஒன்று என்று தலையை எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தத் தலைகளில் எத்தனை நரைத்தவை என்பதற்குக் கணக்கில் இடமில்லை. தமிழ்நாட்டில் அறுபது தாண்டினவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் என்று 2011 கணக்கெடுப்பே சொல்லிவிட்டது. 2021-ல் வர வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. இப்போது இன்னும் கூடியிருக்கத்தான் செய்யும். நிறையப் பிள்ளை பெறுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள், ஏற்கெனவே பெற்று வளர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை முதலில் பார்க்கட்டும்.

ஒரு கர்ப்பிணியைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். எந்தத் தேதியில் வலி வரும், எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, கூட யார் போவார். அதே போல் தனியாக இருக்கிற ஒவ்வொரு ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் ஒரு பக்கம் வேண்டும்: என்ன மாத்திரை, என்றைக்குத் தீரும், யாருக்குப் போன் போட வேண்டும், ராத்திரி துணைக்கு யார். அதை எழுதவும் தேடிப் போகவும் துணை சுகாதார நிலையத்துக்கு இன்னொரு செவிலியரை முழுச் சம்பளத்தில் போட வேண்டும்.