டீக்கடை நாய்

12.10.2025, ஞாயிறு

டீக்கடை நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. முகம் வாசல் பக்கம். வைத்த சோற்றை நாங்கள் படுத்த பிறகுதான் தின்றிருக்கிறது.

13.10

இன்றும் அதேதான். பொன்னி என்று கூப்பிட்டால் காது கூட அசையவில்லை.

14.10

ஒன்றுக்குப் போகவில்லையே என்றுதான் காலையிலிருந்து கவலை. தெருவிலேயே வளர்ந்ததற்கு மாடிப்படி எங்கே பழக்கம்? முதல் படியில் முன்காலை வைக்கிறது, எடுக்கிறது, என்னைப் பார்க்கிறது. கடைசியில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். உடம்பெல்லாம் விறைத்துப் போச்சு, ஆனால் கடிக்கவில்லை.

கீழே விட்டதும் என்னை இழுத்துக்கொண்டு நேரே தெருமுனைக்கு ஓடியது. வடிகாலுக்குத் தோண்டின பள்ளம், சுற்றித் தகரம். கடை இருந்த இடம். தகரத்தை மோந்து மோந்து பார்த்துவிட்டு அங்கேயே ஒன்றுக்கு இருந்தது, அடக்கி வைத்ததெல்லாம்.

வேலை முடிந்தால் டீ மாஸ்டர் திரும்ப வருவாரா? இஸ்திரி வண்டி அண்ணன், "வராம எங்கம்மா போவாரு" என்கிறார்.

16.10

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாம். பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வேலை நின்றுவிட்டது. நிற்கட்டும்.

17.10

உண்ணி. காது மடலுக்குள், கால் விரலிடுக்கில், வாலுக்கடியில். ரத்தம் குடித்து ஊறின மிளகு மாதிரி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன், நசுக்கக் கூடாது. டம்ளரில் சோப்புத் தண்ணீர், அதில் ஒவ்வொன்றாக. மல்லாந்து படுத்துக்கொண்டு காட்டியது. இவ்வளவு நாள் இதையெல்லாம் யார் எடுத்துவிட்டிருப்பார்கள்? மாஸ்டரா?

சோறு வேண்டாம் என்கிறது. மூக்கு காய்ந்திருக்கிறது.

18.10

உண்ணிக் காய்ச்சல். 104 டிகிரி. நாய்க்கு 102 வரை இருக்கலாமாம். ரத்தத்தில் பிளேட்லெட் 41 ஆயிரம். ரெண்டு லட்சமாவது இருக்க வேண்டியது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். தயிர்சாதத்தில் வைத்துக் கொடுக்கலாமா என்று அம்மா போனில் கேட்டாள். பாலும் தயிரும் மருந்தைப் பிடிக்க விடாதாம். வேகவைத்த கோழி ஈரல்தான். எங்கள் வீட்டு அடுப்பில் ஈரல்! அம்மா பழைய குக்கரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

டாக்டர் இடது காதில் வி வடிவ வெட்டைக் காட்டி, "கார்ப்பரேஷன்ல ஏற்கெனவே கருத்தடை ஆபரேஷன் பண்ணிருக்காங்க" என்றார். ரேபிஸ் ஊசி இப்போது வேண்டாம், காய்ச்சல் தேறட்டும் என்றார்.

உண்ணி சுவர் விரிசலில் போய் முட்டையிடுமாம். ராத்திரி டார்ச் அடித்து ஒவ்வொரு விரிசலாகப் பார்த்தேன். ஓனர் மாமியிடம் சொல்லவில்லை.

20.10, தீபாவளி

காலை ஆறிலிருந்து ஏழு, ராத்திரி ஏழிலிருந்து எட்டு. அரசாங்கம் சொன்ன நேரம். யாருக்குச் சொன்னதோ. பொன்னி பாத்ரூமில் வாளிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நடுங்குகிறது. கதவைச் சாத்தி, துணியைச் சொருகி, டிவியைச் சத்தமாக வைத்து, எதுவும் எடுபடவில்லை. ஊரே பட்சணம் தின்றுகொண்டிருக்கும்போது அம்மா கிரைண்டரைப் போட்டாள். பாத்ரூம் வாசலுக்கே இழுத்து வந்து. அரிசி ஊறவே இல்லை. "அரைச்சா அரையட்டும்" என்றாள். நாயை இன்னும் தொடமாட்டாள்.

21.10

இட்லி கல்.

28.10

புயல் காக்கிநாடா பக்கம் போய்விட்டது. இங்கே மழை மட்டும். படியை அவளே இறங்கினாள்.

8.11

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வளாகங்களில் இருக்கிற நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் வைக்கச் சொல்லி நேற்று சுப்ரீம் கோர்ட். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாதாம். தெரு குரூப்பில் கைதட்டல் பொம்மையாகக் குவிகிறது. டீக்கடை பள்ளிக்கூடமும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. இருந்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. வருஷக்கணக்காக அந்த பெஞ்சுக்கடியில் கிடந்து யாரையும் கடித்ததில்லை. கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் அங்கே பொறை வாங்கிப் போட்டவர்கள்.

14.11

மாத்திரை முடிந்தது. பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம். அம்மா பாயசம் வைத்தாள். எனக்கு.

17.11

ரேபிஸ் ஊசி போட்டாச்சு. இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் மாநகராட்சி லைசென்ஸ். கட்டணம் 50 ரூபாய், எடுக்காவிட்டால் அபராதம் 5,000. படிவத்தில் உரிமையாளர் பெயர் கேட்கிறான். அதற்கு மேல் நகரவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

19.11

தகரத்தை எடுத்துவிட்டார்கள்.

21.11

மாஸ்டர் வந்துவிட்டார். பாய்லர் அதே பாய்லர். தூரத்திலிருந்தே "ஏய் ராணி!" என்றார். என் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. ரெண்டு காலில் நின்று, முனகி, அவர் லுங்கியெல்லாம் நக்கி. பொறையைத் தின்றாள். பெஞ்சுக்கடியில் போய்ப் படுத்தாள். நான் ஒரு டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன்.

"நல்லா தேத்திட்டீங்கம்மா" என்றார். "இங்க வேணாம், உங்ககிட்டயே இருக்கட்டும். காலைல மட்டும் கூட்டிட்டு வாங்க."

சரி என்றேன். அவரிடம் நான் கேட்கவே இல்லையே, அவர் எப்படிக் கொடுக்கிறார்? எட்டு மணி வரை அவள் எழுந்திருக்கவில்லை.

22.11

ராணி என்று கூப்பிட்டால் திரும்புகிறாள். அம்மா அப்படித்தான் கூப்பிடுகிறாள், காலையிலிருந்து. எனக்கு வாயில் வரவில்லை. படிவம் பாக்கி. ஈரல் வாங்க வேண்டும்.