பதிவை விரிப்பாகப் போடாதீர்கள்: நிலத்தின் ஒலியோடு கூட்டாக இசையமைப்பது

இயற்கையை வைத்து இசை செய்கிறோம் என்று கிளம்பும் குழுக்களில் பெரும்பாலானவை ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஓடைச் சத்தத்தை அடியில் விரிப்பாகப் போட்டு, மேலே புல்லாங்குழல் வாசித்து, நடுவில் இரண்டு குயில் கூவலைச் செருகிவிடுகின்றன. ஓடையை எடுத்துவிட்டாலும் பாட்டில் ஒன்றும் குறையாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பதிவை நிறுத்தினால், எப்போது நுழைவது, எங்கே ஓய்வது என்று வாசிப்பவர்கள் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை என்றால் நிலம் இன்னும் பாட்டுக்குள் வரவில்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருள், புள்ளும் பறையும் யாழும் கருப்பொருள் என்று நம் இலக்கணம் வைத்த வரிசை இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்த பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச வேண்டும்.

விடியலில் காற்று குறைவு, பறவைகள் அதிகம். ஆனால் அந்த நேரத்தில் தரையோரக் காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ளது சற்றுச் சூடாகவும் இருக்கும். மேலே போகும் ஒலி அதனால் கீழ்நோக்கி வளையும். தூரத்துப் பறவை பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கும், தூரத்து நெடுஞ்சாலையும் அப்படியே கேட்கும். பகலில் போய் இடம் பார்த்துவிட்டு விடியலில் பதிவு செய்யப் போனால் ஏமாற்றம்தான். பதிவு செய்யப்போகும் அதே நேரத்தில் போய்க் கேட்டுப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரெக்கார்டரின் சாம்பிள் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை, 48 கிலோஹெர்ட்ஸிலும், பதிவை 24 பிட்டிலும் வையுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்கும் எண்ணம் இருந்தால் 96 கிலோஹெர்ட்ஸ். மிகப் பெரிய சத்தம்கூட -12 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வையுங்கள். மைக்கின் ஸ்பாஞ்ச் உறை மெல்லிய காற்றுக்குத்தான் தாங்கும், வெளியில் ரோம உறை வேண்டும். ஸ்டாண்டில் பொருத்தி, தொங்கும் கேபிளை ஸ்டாண்டின் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அங்கிருந்து விலகிப் போய்விடுங்கள். ஆள் நடமாட்டத்தில் அடங்கிய பூச்சிகளும் பறவைகளும் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால் முதல் 10 நிமிடப் பதிவை நம்ப வேண்டாம். குறைந்தது 40 நிமிடம் ஓடட்டும்.

ஓடையைப் பதிவு செய்வதில் பலரும் தவறுவது மைக் வைக்கும் இடத்தில்தான். கரையில் நின்று மொத்த ஓடையையும் எடுத்தால் எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சல்தான் கிடைக்கும். அதன் மேல் எந்தக் கருவியை வைத்தாலும் மூழ்கிவிடும். தண்ணீரில் சுருதி தருவது பெரும்பாலும் அதற்குள் சிக்கும் காற்றுக் குமிழிதான். 1933-ல் இயற்பியலாளர் மின்னார்ட் கண்ட கணக்குப்படி, 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறக்குறைய 3,260 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், 3 மில்லிமீட்டர் குமிழி 1,090 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். அதனால் இரண்டு கல்லுக்கு நடுவே தண்ணீர் மடிந்து விழும் ஒரே இடத்தைத் தேடி, மைக்கை ஒரு முழ தூரத்தில் வையுங்கள். களுக் களுக் என்று தனித்தனியாகக் கேட்கும் அந்த ஒலிகளை எழுதலாம், தாளமாக எடுக்கலாம், பதில் வாசிக்கலாம். கல்லைச் சற்றே நகர்த்தினால் குமிழியின் அளவு மாறும், சுருதியும் மாறும்.

பதிவிலிருந்து நல்ல 10 நிமிடத்தை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல், அதை வரைபடமாக வரைய வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளத் தாளில் 1 சென்டிமீட்டருக்கு 10 விநாடி. மூன்று வரிசை போதும்: 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 250 முதல் 2,000 வரை, அதற்கு மேலே. ஒலியின் பெயரை எழுதத் தேவையில்லை, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எவ்வளவு பெரியது என்று கோடாகப் போட்டால் சரி. தாள்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லோரும் குறித்த இடங்கள் பாட்டின் தூண்கள். ஒரே ஒருவர் மட்டும் கேட்ட ஒலி அவருடைய பகுதி. யாருமே எதுவும் போடாத வெற்றிடங்களில்தான் கருவி நுழையும்.

பழைய காடுகளில் உயிரினங்கள் அலைவரிசையையும் நேரத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு ஒலிக்கின்றன என்பது இயற்கை ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்த பெர்னி க்ராஸ் முன்வைத்த கருதுகோள். அது எங்கும் பொருந்துமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும், குழு வாசிப்புக்கு இதைவிட நல்ல விதி கிடைக்காது. ஒரு வரிசையில் பதிவு நிறைந்திருந்தால் அங்கே யாரும் வாசிக்கக்கூடாது. சில்வண்டு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும்போது மணியும் ஜால்ராவும் சும்மா இருக்க வேண்டும், செல்லோவுக்கும் கடத்துக்கும் வேலை வரும். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒரே சமயத்தில் இருவருக்கு மேல் ஒலிக்கக்கூடாது, 10 நிமிடத்தில் ஒருவர் ஆறு முறைக்கு மேல் நுழையக்கூடாது என்று எண்ணிக்கையும் வைத்துவிடுங்கள். "உணர்ந்து வாசியுங்கள்" என்று மட்டும் சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து பறவைக் குரல் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பறவைப் பாட்டை ஸ்வரமாக எழுத வேண்டுமானால் வேகத்தைக் குறையுங்கள். பாதி வேகத்தில் ஒரு ஸ்தாயி இறங்கும், கால் வேகத்தில் இரண்டு ஸ்தாயி. 4,000 ஹெர்ட்ஸ் விசில் 1,000-க்கு வந்து மனிதக் குரலின் எல்லைக்குள் விழும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவைக் கால் வேகத்தில் ஓட்டினால் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாமல் மங்கலாகும். 96-ல் பதியச் சொன்னது இதற்காகத்தான். கிடைத்த சுருதிகளை உடனே அருகிலுள்ள ஸ்வரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். பறவைப் பாட்டைத் தன் இசையில் பயன்படுத்திய பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான், அதைக் கருவிக்காக எழுதும்போது வேகத்தைக் குறைத்து, நுண் இடைவெளிகளை விகிதம் மாறாமல் விரித்துக்கொண்டார். அந்த வழி நன்றாக வேலை செய்கிறது. கமகம் வாசிக்கத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் விரிக்கவும் தேவையில்லை.

சில்வண்டோடு தாளம் சேர்ப்பவர்கள் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க இயற்பியலாளர் டோல்பியர் 1897-ல் வெளியிட்ட சூத்திரப்படி, 10 டிகிரி செல்சியஸில் நிமிடத்துக்கு 40 முறை கத்தும் பூச்சி, 21 டிகிரியில் 120 முறை கத்தும். எல்லா இனத்துக்கும் இந்த எண்கள் பொருந்தாது, ஆனால் சூட்டில் வேகம் கூடுவது பொதுவானது. மாலைப் பதிவையும் நள்ளிரவுப் பதிவையும் ஒட்டவைத்தால் லயம் சறுக்குவது இதனால்தான். கிளிக் டிராக்கை (தாளம் காட்டும் டிக் டிக் பதிவை) விட்டுவிட்டுப் பூச்சியையே கிளிக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் வெளியிலேயே வாசிப்பதென்றால் தூரம் முக்கியம். 20 டிகிரியில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும், எனவே 34 மீட்டர் தள்ளி நிற்பவரின் அடி பத்தில் ஒரு விநாடி தாமதமாக வந்து சேரும். நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில் அது ஒரு தாள அடியில் ஐந்தில் ஒரு பங்கு. பரந்து நின்றுகொண்டு ஒரே தாளத்தைப் பிடிக்கப் பார்ப்பது வீண். ஒவ்வொருவர் கையிலும் ஸ்டாப்வாட்ச் கொடுத்து நேரத்தை மட்டும் பொதுவாக வையுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் 2009-ல் எழுதிய 'இனுக்சுயிட்', 9 முதல் 99 தாளக் கலைஞர்கள் வெளியில் சிதறி நின்று வாசிப்பதற்கானது. தூரத்தைக் குறையாக நினைக்காமல் இசையாகவே ஆக்கிய படைப்பு அது. குளிரில் குழலின் சுருதி இறங்கும், தந்தியின் சுருதி ஏறும். வந்ததும் ஒருமுறை, வாசிப்பதற்குச் சற்று முன் ஒருமுறை என இருமுறை சுருதி சேருங்கள். கூடு கட்டும் காலத்தில் பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டு அதைக் கூப்பிட வேண்டாம். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டு வெளியே வரும்.

ஆளுக்கொரு ஊரில் இருந்து கோப்புகளை மாற்றிக்கொள்பவர்களை அலைக்கழிப்பது சாம்பிள் ரேட். 44.1-ல் பதிந்ததை மென்பொருள் 48 என்று நினைத்து ஓட்டினால் வேகம் 8.8 சதவீதம் கூடும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறும். கேட்கும்போது கோளாறு என்றே தோன்றாமல் "ஏதோ ஒட்டவில்லை" என்று மட்டும் படும். மாற்றிக்கொள்ளும் எல்லாக் கோப்பும் 48, 24 பிட் வேவ், எல்லாமே பூஜ்ய விநாடியில் தொடங்கி, முன்னால் மௌனம் இருந்தாலும் முழு நீளத்தில் இருக்கட்டும். இரண்டு ரெக்கார்டரை ஒரே சமயம் ஓட்டினால் தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டிப் பதியுங்கள். கடிகாரங்களுக்குள் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகிவிடும்.

கலக்கும்போது (மிக்ஸிங்கில்) நிலப் பதிவுக்கு ரிவர்ப் (செயற்கை எதிரொலி) போடாதீர்கள். வெட்டவெளிக்குச் சுவர் கிடையாது. கருவியைத்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்: தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையுங்கள், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மெல்லக் குறையுங்கள். பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதானால் 30 விநாடித் துண்டு போதாது. அதில் ஒரு நாய் குரைத்திருந்தால் மூன்றாம் சுற்றில் கேட்பவர் நாய்க்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். 3 நிமிடம் 10 விநாடி, 4 நிமிடம் 25 விநாடி என்று நீளம் பொருந்தாத இரண்டு துண்டுகளை, 8 விநாடி குறுக்கு மங்கலோடு (ஒன்று மங்க மற்றொன்று எழும்படி) சேர்த்து ஓட்டுங்கள்.

பதிவு செய்தவர், வரைபடம் வரைந்தவர்கள், வாசித்தவர்கள், கலந்தவர் என்று யாருக்கு எந்தப் பெயர், எவ்வளவு பங்கு என்பதை முதல் கலவை வெளியே போகும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பதிவு மட்டும் செய்து வாசிக்காதவரின் பெயர்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.