விபத்துக்குப் பின் அடித்த மோசமான பெயிண்டைச் சரிசெய்த ஏழு வாரங்கள்

கடந்த ஆடி மாதம், கோவை அவிநாசி சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்த எங்கள் வெள்ளி நிற ஸ்விஃப்ட் காரை, பக்கத்து வரிசையிலிருந்து அவசரமாக நுழைந்த ஒரு மினி லாரி இடதுபுறமாக உரசிக்கொண்டு போனது. யாருக்கும் காயமில்லை. முன் ஃபெண்டரும் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) முன் கதவும் நசுங்கின. இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்துவிட்டுப் போனபின் டிங்கர் வேலையும் பெயிண்டும் முடிந்து, பன்னிரண்டாம் நாள் மாலை வண்டி கைக்கு வந்தது. அப்போதுதான் கழுவி ஈரம் சொட்ட நின்ற வண்டியைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஈரமான வண்டியில் எந்தக் குறையும் கண்ணில் படாது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளின் பிம்பம் பின் கதவில் நேராகவும் முன் கதவில் நெளிநெளியாகவும் தெரிந்தது. முன் கதவு முழுவதும் ஆரஞ்சுப் பழத்தோலைப் போன்ற நுண்ணிய மேடுபள்ளம். கைப்பிடிக்குக் கீழே இரண்டு இடங்களில், நிறத்துக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் வழிந்து, மெழுகு உருகி உறைந்ததுபோல் நின்றது. பெயிண்டுக்குள் சிக்கிய தூசி மணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எண்ண முடிந்தது. ஃபெண்டரில் மட்டும் பதினேழு. கண்ணாடியிலும் ரப்பர் பீடிங்கிலும் ஸ்ப்ரே துகள் படிந்து சொரசொரத்தது. எல்லாவற்றையும்விட உறுத்தியது நிறம். நேராக நின்று பார்த்தால் முன் கதவு ஒரு சாயல் கருத்திருந்தது. சரிவாகப் பார்த்தால் அதே கதவு பின் கதவைவிட வெளுத்துக் காட்டியது.

பட்டறையில் கேட்டபோது ரப்பிங் போட்டுத் தருவதாகச் சொன்னார்களே தவிர, மீண்டும் அடித்துத் தர ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கிளியர் அடித்தார்கள், எத்தனை கோட் அடித்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வழியில்லாமல், பில்லில் பெயிண்ட் என்று ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள். ரப்பிங்குக்கு நான் சம்மதிக்கவில்லை. வேகமாகச் சுற்றும் மெஷினை வைத்துப் பத்து நிமிடத்தில் பளபளப்பு ஏற்றிவிடலாம். ஆனால் மேடுபள்ளம் அப்படியே இருக்கும், கிளியர் மட்டும் தேவையில்லாமல் மெலியும்.

பழைய தகர விளையாட்டுப் பொருள்களைத் தேய்த்து மெருகேற்றுவது எனக்கு நெடுநாளைய பொழுதுபோக்கு. அந்தத் துணிவில், இதையும் நானே ஞாயிறுதோறும் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்து, முதலில் பெயிண்ட் தடிமன் அளக்கும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கினேன். கூரையில் 112 மைக்ரான், பின் கதவில் 118. இவை தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் அளவுகள். முன் கதவில் 236 காட்டியது. ஃபெண்டரில் 210 வாக்கில் இருந்த எண், சக்கர வளைவுக்கு மேலே ஓரிடத்தில் 640க்கு எகிறியது. அங்கே பட்டி போட்டு நிரவியிருக்கிறார்கள் என்று புரிந்தது. பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது.

மொத்தத் தடிமன் பெரிதாகத் தெரிந்தாலும் நாம் தேய்க்கக்கூடியது மேலே உள்ள கிளியர் கோட்டை மட்டுமே. அது ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்த அடுக்குதான் என்பதால், அதை மிகவும் மெலிய வைத்தால் சில ஆண்டுகளில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். ஆகவே எந்த இடத்திலும் 10 மைக்ரானுக்கு மேல் எடுப்பதில்லை என்று எனக்கு நானே வரம்பு வைத்துக்கொண்டேன். ஆரஞ்சுத் தோல், தூசி மணி, வழிசல் ஆகிய மூன்றும் கிளியரில் இருப்பவை, தேய்த்தால் தீரும். நிறம் கிளியருக்கு அடியில் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் மாறாது.

பெயிண்டுக்குள் இருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேறுவதற்குள் மெருகேற்றினால், பின்னால் பெயிண்ட் சுருங்கித் தேய்த்த கோடுகள் மீண்டும் தெரியக்கூடும். அதனால் மூன்று வாரங்கள் கதவைத் தொடவில்லை. அந்த நாள்களில் கண்ணாடியில் படிந்த துகளை, சோப்பு நீர் தெளித்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன். பின் கதவில் படிந்திருந்ததை டீடெய்லிங் களிமண் கட்டி ஒரே தேய்ப்பில் இழுத்துக்கொண்டது. ரப்பர் பீடிங்தான் மிகவும் படுத்தியது. தின்னர் தொட்டால் ரப்பர் உப்பிவிடும் என்பதால், பழைய பல் துலக்கியும் ஷாம்பு நீருமாக இரண்டு மாலைகள் அதற்கே போயின.

நான்காவது ஞாயிறு, வழிசலில் கை வைத்தேன். வழிசலை நேரடியாக உப்புத்தாளால் தேய்த்தால், மேடு கரைவதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள தட்டையான பகுதி கரைந்துவிடும். ஆகையால் சவர பிளேடின் இரண்டு முனைகளிலும் செல்லோடேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு விரற்கடை மட்டும் வெறுமையாக விட்டேன். டேப்பின் கனம் பிளேடைப் பெயிண்டிலிருந்து மயிரிழை தூக்கி நிறுத்துவதால், அது மேட்டை மட்டுமே செதுக்கும். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் என் பக்கமாக இழுத்தபோது, கிளியர் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. மேட்டின் மேல் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தேன். ஒவ்வோர் இழுப்பிலும் எந்த இடத்தில் மை அழிகிறதோ அதுவே இன்னும் உயர்ந்து நிற்கும் இடம். ஒரு வழிசலுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த நாற்பது நிமிடம் அது.

அடுத்த ஞாயிறு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூடத் தாள் நைஸாகும். 1500 எண் தாளை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றிக் கிடைவாட்டில் தேய்த்தேன். அடுத்து 2000 எண் தாளால் செங்குத்தாக, அதன்பின் 3000 எண் தாளால் மீண்டும் கிடைவாட்டில். திசையை மாற்றினால்தான் முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்பது தெரியும். தூசி மணிகளுக்குப் பள்ளிக்கூட அழிப்பானைப் பாதியாக வெட்டி, அதில் தாள் துண்டைச் சுற்றிக்கொண்டது வசதியாக இருந்தது. தேய்க்கும்போது வடியும் நீர் பால்போல் வெண்மையாக இருக்கும்வரை கவலையில்லை. அது கிளியரின் தூள்.

கதவின் பின் ஓரத்தில் அந்த நீர் சாம்பல் நிறமாக மாறியது. உடனே கையை எடுத்துவிட்டேன்; ஆனாலும் நகத்தளவு இடத்தில் கிளியர் முழுவதும் போய், வெள்ளி நிற அடுக்கு வெளியே வந்துவிட்டது. ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெல்லியதாகவே நிற்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். முன் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பின் ஓரத்தில் ஒட்டாமல் விட்டிருந்தேன். அன்று வேலையை அத்துடன் நிறுத்திவிட்டேன்.

ஆறாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தகடு சூடேறுவதற்கு முன், ஆட்டத்துடன் சுற்றும் வகை பாலிஷர் மெஷினில் ஃபோம் பேடு மாட்டி, முதலில் கட்டிங் காம்பவுண்டும் அடுத்து நைஸ் பாலிஷும் போட்டேன். ஒவ்வொரு பகுதியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை மறைத்து நம்மை ஏமாற்றிவிடும். ஃபெண்டரில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகள் நேராக நின்றன. மீட்டர் 210க்குப் பதில் 203 காட்டியது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, கம்பியை எண்ணலாம்" என்றான்.

நிறத்தையும், கிளியர் போன அந்த இடத்தையும் வீட்டில் சரிசெய்ய நான் முயலவில்லை. கடினப்படுத்தி (ஹார்ட்னர்) கலந்து அடிக்கும் கிளியரிலிருந்து ஐசோசயனேட் வெளிவருகிறது; சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது, நுரையீரலுக்குக் கேடு. எனவே நண்பர் காட்டிய ஒரு பெயிண்டரிடம் போனேன். வண்டியை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சார், இது கலர் நம்பர் தப்பு இல்லை. ரொம்ப ஈரமா அடிச்சிருக்காங்க, சில்வர் உள்ளே இறங்கிடுச்சு. கதவோட நிறுத்தியிருக்கவும் கூடாது, பக்கத்துக் கதவு வரைக்கும் இழுத்து விட்டிருக்கணும்."

அவர் விளக்கியது எனக்குப் புதிது. வெள்ளி நிறத்தில் இருப்பவை நுண்ணிய அலுமினியச் செதில்கள். ஈரம் கூடுதலாக அடித்தால் அவை காய்வதற்குள் அமிழ்ந்து பல திசைகளில் திரும்பி, நிறம் கருக்கும். காற்றழுத்தம் கூட்டி உலர்வாக அடித்தால் மேலே தட்டையாகப் படிந்து வெளிறும். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த நிறமே அடிக்கும் கையைப் பொறுத்து மாறிவிடுகிறது. அவர் முதலில் ஒரு தகரத் துண்டில் அடித்துப் பார்த்து, வண்டியில் ஒட்டிவைத்து ஒப்பிட்டார். பிறகு முன் கதவில் நிறம் அடித்து, அதைப் பின் கதவின் பாதிவரை பனிபோல் மெலிதாக இழுத்து மறையவிட்டு, இரண்டு கதவுகளுக்கும் முழுமையாகக் கிளியர் அடித்தார். ஃபெண்டரும் அதே சாயலில் லேசாகக் கருத்திருந்தாலும், அடுத்திருக்கும் பானெட் படுக்கைவாட்டில் இருப்பதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி, அதன் பின் விளிம்பில் மட்டும் நிறத்தைக் கதவோடு இசையவைத்தார்.

அதனால் முன் கதவில் நான் இரண்டு ஞாயிறுகள் தேய்த்த தேய்ப்பு புதிய பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. நிறத்தைப் பற்றி முதலிலேயே பெயிண்டரிடம் கேட்டிருந்தால் கதவைத் தொட்டிருக்கவே மாட்டேன். தளம் ஏற்கெனவே சமமாக இருந்ததால் கிளியர் நன்றாகப் படிந்தது என்று அவர் சொன்னார். கதவைத் திறந்தால் உள்புறத் தூணில் பழைய மாஸ்கிங் டேப்பின் விளிம்பு இன்னும் ஒரு கோடாகத் தெரிகிறது. அதை 2000 எண் தாளால் அடுத்த ஞாயிறு எடுக்கலாம் என்றிருக்கிறேன், இம்முறை இருபுறமும் டேப் ஒட்டிவிட்டு.